எண்ணெய்க்கு ஊர் ஏது?

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தேன். முன்பு என்னிடம் அரபு இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர் ஓடிவந்து ஒரு துண்டுத்தாளை என் கையில் வைத்தார். பெட்ரோல் விற்கும் நிறுவனங்களின் பெயர்கள் அதில் இரு வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஒரு வரிசையார் அரபு நாட்டு எண்ணெயை விற்பவர்களாம், அவர்களிடம் வாங்கலாமாம். மற்றொரு வரிசையார் ருஷ்ய எண்ணெயையும் அமெரிக்க எண்ணெயையும் விற்பவர்களாம். அவர்களிடம் வாங்குவோர் காஸாவில் மடியும் குழந்தைகளின் இரத்தத்தில் பங்கு கொள்கிறார்களாம். ஈமானுள்ளவர்கள் இதைப் பிறருக்கும் எத்திவைக்க வேண்டும் என்று அடியில் ஓர் ஆணை வேறு. இந்த விவரங்கள் எங்கிருந்து கிடைத்தன, எழுதியவர் யார் என்பதற்கு அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை.

“ஹஜ்ரத், அடுத்த வாரப் பயானில் இதை நீங்கள் சொல்ல வேண்டும்” என்றார் மாணவர். “காஸாவுக்கும் ருஷ்ய எண்ணெய்க்கும் என்ன தொடர்பு, தம்பி?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “செச்னியாவை நினைத்துப் போட்டிருப்பார்களோ என்னவோ” என்றார்.

அவருடைய உள்ளத்தை நான் குறைகூற மாட்டேன். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்துவிட்டு, ‘என் கையால் ஆகக்கூடியது ஏதேனும் உண்டா’ என்று தவிக்காத உள்ளம் உள்ளமே அன்று. இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் இளைஞருக்குப் படையும் இல்லை, பதவியும் இல்லை. இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளும் அதற்கு வாரந்தோறும் ஊற்றும் பெட்ரோலுந்தான். அந்தத் தவிப்பைக் கண்டு அதன் கையில் பொய்க்கணக்கு ஒன்றைத் திணித்துவிட்டுப் போகிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் செய்தியின் மெய்ம்மையைப் பார்ப்போம். நம் கடற்கரை முத்து விளைந்த கரை. காயல்பட்டினத்து, கீழக்கரை முஸ்லிம்களும் பரதவ மக்களும் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பிகள் இந்த மணலில் குவிந்து கிடந்த காலம் உண்டு. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அந்தக் குளிப்பு ஓய்ந்துவிட்டது. அந்நாளில் பாரசீக வளைகுடா முத்தெல்லாம் பம்பாய்க்கு வந்து கைமாறும். ஆனாலும் கைதேர்ந்த வியாபாரி முத்தை விரல்நுனியில் உருட்டி, அதன் நிறத்தையும் ஒளியையும் கொண்டு, இது மன்னார்க் கடலது, இது வளைகுடாவினது என்று சொல்லிவிடுவார். ஏனெனில் முத்து, சிப்பிக்குள் பிறந்த அதே உடம்போடு பெண்ணின் கழுத்துவரை வருகிறது. (1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து வந்து வளைகுடாக்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தது, அதே பத்தாண்டில் பஹ்ரைனில் 1932இலும் குவைத்தில் 1938இலும் எண்ணெய் பீறிட்டது. கடலுக்கடியில் மூடிய கதவை நிலத்துக்கடியில் திறந்தான் இறைவன்.)

எண்ணெயின் கதை அப்படியன்று. பஸ்ராவிலிருந்து ஒரு கப்பல், ராஸ் தனூராவிலிருந்து ஒரு கப்பல், கருங்கடலிலிருந்து ஒரு கப்பல் என்று வரும் கச்சா எண்ணெய்கள் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டிகளிலேயே கலக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆலையும் இன்ன அளவு கந்தகம், இன்ன அடர்த்தி என்ற கணக்குக்கு அமைக்கப்பட்டது. அந்தக் கணக்குக்கு வரும்வரை ஒன்றோடொன்றைக் கலந்தே உலையில் ஏற்றுவார்கள். மறுபுறம் இறங்கும் பெட்ரோலில் பஸ்ராவும் இல்லை, ருஷ்யாவும் இல்லை. அதற்குப் பிறகாவது ஒரு நிறுவனத்தின் சரக்கு அதே நிறுவனத்தின் பங்குக்குத்தான் போகிறதா? அதுவும் இல்லை. வண்டிக்கூலியை மிச்சப்படுத்துவதற்காக எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் சரக்கை மாற்றிக்கொள்கின்றன. அருகில் எவருடைய கிடங்கு இருக்கிறதோ அங்கிருந்து மற்றவரின் லாரியும் நிரப்பிக்கொள்கிறது. பங்கின் மேலே தொங்கும் பலகை, விற்பவர் யார் என்பதைச் சொல்லும். கீழே குழாயில் வருவது எந்த மண்ணில் ஊறியது என்பதைச் சொல்லாது.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. ஏறத்தாழ 40 நாடுகளிலிருந்து வாங்குவதாக அரசே கூறியிருக்கிறது. 2021-22இல் ருஷ்ய எண்ணெயின் பங்கு நூற்றுக்கு 2 அளவில் இருந்தது. உக்ரைன் போருக்குப் பின் விலை குறைந்ததும் அது ஏறி 2023-24இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதை வாங்கியவர்களில் அரசு நிறுவனங்களும் உண்டு, தனியாரும் உண்டு. நயாரா நிறுவனத்தில் ருஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் கம்பெனிக்குப் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு 2017 முதல் இருந்துவருவது உண்மை. ஆனால் அது பங்குதாரர் விவரம். அதைக் கொண்டு மற்ற நிறுவனங்களின் குழாயில் ருஷ்ய எண்ணெய் இல்லை என்று எழுதியவர், கடைக்காரரின் தகப்பன் பெயரைப் பார்த்து அரிசி விளைந்த வயலைச் சொன்னவர் ஆவார்.

பங்குதாரரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மணலியைப் பாருங்கள். சென்னையை அடுத்த மணலி ஆலை, 1965இல் இந்திய அரசும் ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனமும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ‘மெட்ராஸ் ரீஃபைனரீஸ்’ நிறுவனத்தின் ஆலை. ஈரானின் டேரியஸ் எண்ணெயைக் காய்ச்சுவதற்கென்றே 1969இல் அது எழுந்தது. அமெரிக்கக் கம்பெனி பின்னர் விலகியது. ஈரானின் பங்கு, நூற்றுக்கு 15 சொச்சம், கைமாறாமல் நின்றது. ஆனால் அமெரிக்காவின் தடைக்கு அஞ்சி 2019 மே மாதத்தில் இந்தியா ஈரானிய எண்ணெயை வாங்குவதை நிறுத்தியபோது, ஈரானைப் பங்காளியாகக் கொண்ட மணலிக்கும் ஈரானின் எண்ணெய் வரவில்லை. இந்த ஆலையின் பெட்ரோலை நம் துண்டுத்தாள் எந்த வரிசையில் வைக்கும்? உரிமையில் ஒரு பங்கு முஸ்லிம் நாட்டினுடையது. உள்ளே ஓடிய எண்ணெயோ பல நாட்டினுடையது.

முஸ்லிம் நாட்டு எண்ணெய் என்றால் அது தூயது என்ற எண்ணத்தையும் சற்றுச் சோதிப்போம். இஸ்ரேலுக்குக் கச்சா எண்ணெய் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்ற நாடு அஜர்பைஜான். கலிமாச் சொன்ன மக்களின் நாடு. அந்த எண்ணெய் பாகுவிலிருந்து குழாய்வழியே ஜார்ஜியாவைக் கடந்து, துருக்கியின் ஜைஹான் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறுகிறது. துருக்கியும் கலிமாச் சொன்ன மக்களின் நாடே. எண்ணெய்க்குக் கலிமாச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டவர்கள் முதலில் இந்தக் குழாயண்டை போய் நின்று உபதேசிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். குழாயின் திருகைத் தம் கையிலேயே வைத்திருந்த அரசர்களாலேயே இது முடியவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, அமெரிக்காவுக்கும் ஹாலந்துக்கும் எண்ணெய் கிடையாது என்று அறிவித்தன. நடந்தது என்ன? அரபு எண்ணெய் வேறு நாடுகளுக்குப் போயிற்று. அந்த நாடுகளுக்குப் போக இருந்த வேறு எண்ணெய் ஹாலந்துக்குப் போயிற்று. கடலில் கப்பல்கள் திசை மாறின, அவ்வளவே. உலகம் முழுவதும் உணர்ந்தது உற்பத்திக் குறைப்பால் வந்த விலையேற்றத்தை. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. நம் நாடும் புதிதாய்ப் பிறந்திருந்த வங்கதேசமும் அதில் பட்ட பாட்டை அக்காலத்தவர் அறிவர்.

வல்லரசுகளும் இதே விளையாட்டை ஆடிப் பார்த்தன. 2022 டிசம்பரில் ருஷ்யக் கச்சா எண்ணெயைக் கப்பலில் வாங்க மாட்டோம் என்று கதவடைத்த ஐரோப்பா, அதே எண்ணெயை இந்திய ஆலைகள் காய்ச்சி டீசலாக அனுப்பியபோது கொல்லைக் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா, ருஷ்ய எண்ணெய் வாங்கும் குற்றத்துக்கென்று இந்தியச் சரக்குகள்மீது நூற்றுக்கு 25 கூடுதல் வரி விதித்து, மொத்தத்தை 50 ஆக்கியது. ருஷ்யாவின் எண்ணெய்க் கிணற்றுக்குப் போட்ட தண்டம் எங்கே வந்து விழுந்தது? தூத்துக்குடி இறால் வியாபாரத்தின்மீது. என் மாணவரின் கணக்குப் புத்தகமே அதற்குச் சாட்சி. தோலுரிக்கும் பெண்களின் வேலை நாள் குறைந்ததை எனக்குச் சொன்னவரே அவர்தான். சொன்னவர் கையில் அதே ஜாதித் துண்டுத்தாள்!

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ‘பேணுதல்’ என்ற சொல்லை இப்போது ஆளுக்கு ஆள் எடுத்தாள்கிறார்கள். பேணுதலைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிட நுணுகி எழுதியவர் அரிது. இஹ்யாவில் ஹலால் ஹராம் பற்றிய பாகத்தில், கூடாதது கூடுமானதோடு கலந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர்கள் அலசுகிறார்கள். ஒருவனுக்குப் பால்குடிச் சகோதரி ஒருத்தி. பத்துப் பெண்களுக்குள் அவள் யாரென்று தெரியவில்லை என்றால், பத்துப் பேரையும் அவன் விலக்க வேண்டும். ஆனால் ஒரு பெரிய ஊரின் பெண்கள் நடுவே அவள் கலந்துபோனாள் என்றால், அந்த ஊரில் பெண்ணெடுப்பது அவனுக்கு விலக்கன்று. எண்ணி முடிவதற்கும் எண்ணி முடியாததற்கும் சட்டம் வேறு. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு கேடயம் திருடப்பட்டது. போர்ப்பொருளிலிருந்து ஓர் அங்கி களவாடப்பட்டது. அதற்காக உலகத்தில் கேடயமும் அங்கியும் வாங்குவதை எவரும் நிறுத்திவிடவில்லை என்று இமாமவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருளில் கெட்டதற்கான அடையாளம் இருந்தால் விலகு. அடையாளமே இல்லாத இடத்தில் ஐயத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு அலைவது பேணுதல் அன்று, வஸ்வாஸ். நாற்பது நாட்டு எண்ணெய் கலந்த தொட்டியைவிட எண்ணி முடியாத கலப்பு வேறு எங்கே இருக்கிறது?

இதில் எனக்குள்ள பெரிய அச்சம் வேறு. ‘எங்கே பிறந்தது என்று பார்த்து வாங்கு’ என்ற நியாயத்தை நாம் கையில் எடுத்தால், அந்தக் கத்திக்குப் பிடி நம்மிடம், கூர் நம்மை நோக்கி. 2022 மார்ச்சில் கர்நாடகத்தில் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று பலகை வைத்தார்களே, அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். வளையலின் தரத்தையோ பழத்தின் விலையையோ அவர்கள் கேட்கவில்லை. விற்பவன் எந்த வீட்டில் பிறந்தான் என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் திருவிழாத் தெருவில் வளையல் விற்றவன் அன்று மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினான். அந்த அநீதியைக் கண்டு கொதித்த நாம், நம் ஊர்ப் பங்குக்காரரை, எந்த நாட்டு எண்ணெய் என்று தாமும் அறியாமல் தமிழரையே வேலைக்கு வைத்து வியாபாரம் செய்பவரை, ஒரு தாளில் பெயர் குறித்து ஒதுக்கினால், நாளை நம் கடைகளின் பெயர் வேறொரு தாளில் ஏறும்போது எந்த வாயால் பேசுவோம்?

பகிஷ்காரமே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. பகிஷ்காரத்தின் வலி எத்தகையது என்பதை இந்தச் சமுதாயத்தைவிட அறிந்தவர் யார்? பனூ ஹாஷிம்களோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது என்று எழுதிக் கஃபாவில் தொங்கவிட்டார்கள் குறைஷியர். ஏறத்தாழ மூன்றாண்டு அபூதாலிப் கணவாயில் பச்சிளங்குழந்தைகள் பசியால் அழுதன. பின்னாளில் ஸுமாமா இப்னு உஸால் (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதும், யமாமாவின் கோதுமையில் ஒரு மணியும் நாயகத்தின் அனுமதியின்றி மக்காவுக்குப் போகாது என்று அறிவித்தார். மக்கா பட்டினியை நெருங்கியது. தம்மைக் கணவாயில் பூட்டிய அதே மக்கள் உறவைச் சொல்லி முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தானியத்தை விடுமாறு ஸுமாமாவுக்கு எழுதியனுப்பினார்கள் என்று இப்னு ஹிஷாம் வரலாறு கூறுகிறது. ஸுமாமாவின் கையில் இருந்தது மெய்யான கோதுமை. நிறுத்தவும் அவரால் முடிந்தது, விடவும் அவரால் முடிந்தது.

இந்த ஊருக்குப் பகிஷ்காரம் புதிதும் அன்று. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்களே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கோலோச்சிய காலத்தில், வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை, இரண்டு லட்சம் ரூபாய்க்கு, ஒரே ஆளாக வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அந்நாளைய இரண்டு லட்சம்! முதலில் பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்த கப்பல்களை வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்டிப் பிடுங்கியது. பிள்ளையவர்கள் சளைக்காமல் போய், ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களைச் சொந்தமாகவே கொண்டுவந்தார்கள். 1907இல் அவை இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டன. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்கிறேன், கூடவே ஒரு குடையும் தருகிறேன் என்றது. 1908 மார்ச் 12ஆம் நாள் பிள்ளை கைதானார். 1911இல் கம்பெனி மூடப்பட்டது. ‘காலியா’ எந்தக் கம்பெனியை எதிர்த்து வந்ததோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றில் கப்பலையும் செக்கையும் சொல்லிக்கொடுக்கிறோம், குடையைச் சொல்லிக்கொடுப்பதில்லை. இலவசப் பயணமும் குடையும் வேண்டாம் என்று காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவன் செய்தது பகிஷ்காரம். அவனுக்கு எது யாருடைய கப்பல் என்பதில் ஐயமே இல்லை. கொடிமரத்தைப் பார்த்தாலே தெரியும். ஏறுவதற்கு வேறொரு கப்பலும் அவனுக்கு இருந்தது, ஏனெனில் ஒரு சேட்டும் ஆயிரம் சிறு பங்குக்காரர்களும் பணத்தைக் கடலில் இறக்கியிருந்தார்கள். அந்தப் பயணி இழந்தது அவனுடைய கைக்காசு. அவன் வெறுத்தது ஓர் ஆதிக்கத்தை. வெள்ளைக்காரன் என்று பிறந்ததற்காக எவனையும் அல்ல. துண்டுத்தாளைப் பார்த்து, வலப்பக்கத்துப் பங்கை விட்டு இடப்பக்கத்துப் பங்கில் அதே விலைக்கு அதே பெட்ரோலை ஊற்றிக்கொள்பவர் எதை இழந்தார்? பத்து நிமிடத்தை. அதற்கு ஈடாக ‘என் கடமை முடிந்தது’ என்ற நிம்மதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்த நிம்மதிதான் அவருக்குக் கிடைத்த குடை.

மாணவர் விடவில்லை. மலேசியாவில் இருக்கும் தம் மாமா கால்டெக்ஸ் நிலையத்தில் பெட்ரோல் போடுவதில்லை என்றும், அதுவும் தவறா என்றும் கேட்டார். நல்ல கேள்வி. கால்டெக்ஸ் என்பது செவ்ரான் கம்பெனியின் வணிகப் பெயர். இஸ்ரேலின் லெவியதான், தமார் எரிவாயுக் களங்களை நடத்துவது செவ்ரான் என்பது ஊரறிந்த செய்தி. இங்கே கேள்வி எண்ணெயின் பிறப்பிடம் பற்றியதன்று; விற்பவன் தெரிந்தே செய்யும் தொழில் பற்றியது. இமாமவர்கள் சொன்ன அடையாளம் கண்முன்னே இருக்கிறது. மாமா தம் மனச்சாட்சிப்படி விலகினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் மாமாவைப் பார்த்து மருமகன் தூத்துக்குடியில் கால்டெக்ஸைப் பகிஷ்கரிக்க முடியாது. இந்தியாவில் அந்தக் கம்பெனியை 1970களிலேயே அரசு எடுத்துக்கொண்டு இந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு சேர்த்துவிட்டது. இல்லாத கடையைப் புறக்கணிப்பது எளிது.

பெட்ரோல் பங்கில் நின்று கேட்பதற்கு நமக்கு வேறு கேள்விகள் இல்லாமல் போகவில்லை. திருமறையில் அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிற ஓர் அத்தியாயம் உண்டு. முதஃப்பிஃபீன் என்று அதற்கே பெயர். வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு கொடுக்கும்போது குறைப்பவனின் கேடு அதில் பேசப்படுகிறது. நம் சமுதாயத்தவரிலேயே பங்கு நடத்துவோர் பலர் உண்டு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் ஒன்று இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நிக்காஹ் நாளில் மாப்பிள்ளைக்குப் பின்னால் முப்பது நாற்பது கார்களைக் காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிவரை வெறுமனே ஓட்டிக்கொண்டு வருகிறோமே, அன்று எரிவது அரபு எண்ணெயா ருஷ்ய எண்ணெயா என்று எவரும் கேட்டதில்லை. இரண்டுமே வீண்விரயம் என்று சொல்லத் துண்டுத்தாள் அச்சிட்டவரையும் நான் கண்டதில்லை.

துண்டுத்தாளை மடித்து மாணவரிடமே கொடுத்தேன். பயானில் இதைச் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் அளவைப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். முகம் வாடித்தான் போனார். அடுத்த வெள்ளியன்று அவராகவே வந்து, பங்கில் அந்தப் பாத்திரத்தைக் கேட்டதாகச் சொன்னார். அங்கே நின்ற பையன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சாவி தேடி, அலமாரியைத் திறந்து, தூசி தட்டி எடுத்து வந்தானாம்.

“அளவு எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“சரியாகத்தான் இருந்தது, ஹஜ்ரத்” என்றார். சற்று ஏமாற்றத்தோடு சொன்னதுபோல் எனக்குப் பட்டது.